நிமிர்ந்து நிற்கிற ஊர்

லட்சுமணசாமி நாயுடுவை நாற்காலியில் உட்காரவைத்து, ஒரு வேட்டியை நெஞ்சோடு சுற்றிப் பின்னால் முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார்கள். முடிச்சு தெரியாமலிருக்க மேலே கோட்டை மாட்டினார்கள். ஸ்டூடியோக்காரர் அப்துல் குத்தூஸ் கூடத்தில் முக்காலியை ஊன்றி, பெரிய பெட்டிக் கேமராவின் கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்தார். செத்துப்போனவரை நாற்காலியில் வைத்து ஒரு படம் எடுக்காமல் அந்தக் காலத்தில் கோயமுத்தூரில் நாலு காசு உள்ள எந்த வீட்டிலும் பாடை கட்டமாட்டார்கள். இரண்டு பக்கமும் சொந்தக்காரர்கள் வரிசைகட்டி நின்றார்கள். துணிக்குள்ளிருந்து குத்தூஸ், தொழில் பழக்கத்தில், "அசையாம இருங்க நாயுடு" என்றார்.

யாரும் மூச்சுவிடவில்லை. நாயுடு சொன்னபடி கேட்டார்.

சுவரோரம் பெண்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்த பங்காரம்மாவுக்கு, புருஷன் செத்த வீட்டில் வரக்கூடாத சிரிப்பு தொண்டைவரைக்கும் வந்து நின்றது. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். பக்கத்திலிருந்தவர்கள் அதை அழுகை என்று நினைத்து அவள் முதுகைத் தடவிக் கொடுத்தார்கள். தடவத் தடவ அது நிஜமாகவே அழுகையாகிவிட்டது.

நாயுடுவுக்குப் பாப்பநாயக்கன்பாளையத்தில் மோட்டார் பம்பு செய்கிற பட்டறை. சூலூர் விமானப்படை முகாமிலிருந்து மாற்றலாகிப் போன ஓர் அதிகாரி, இரட்டைக் கண் கேமரா ஒன்றை அவருக்கு விற்றுவிட்டுப் போனார். அன்றோடு பட்டறை பாதி, கேமரா பாதி என்றாகிவிட்டது அவர் பிழைப்பு. கோபுரம், மலை, மந்திரி எதிலும் அவருக்கு ஆசையில்லை. தெருவில் போகிறவன் போகிறபடியே படத்தில் விழவேண்டும், அவ்வளவுதான். எட்டு வருஷம் அலைந்தார். ஒருவனும் விழவில்லை.

காரணம் அவருடைய மரியாதை. கேமராவைத் தூக்குவதற்கு முன்னால் எதிரே இருப்பவரிடம் போய், "ஏனுங்க, ஒரு படம் எடுத்துக்கட்டுங்களா?" என்று கேட்டுவிடுவார். கேட்கப்பட்டவரும் இந்த ஊர்க்காரர்தானே, "அதுக்கென்னங்க, தாராளமா" என்பார். சொல்லிவிட்டுத் தலையைப் படிய வாருவார், பொத்தானைப் போடுவார், பக்கத்துக் கடைக்காரரிடம் சட்டை கடன் வாங்குவார், சுவரோடு முதுகை ஒட்டி விறைத்து நிற்பார். ஒப்பணக்காரத் தெரு ஜட்கா வண்டிக்காரர் ஒருவர், குதிரையைக் குளிப்பாட்டிக்கொண்டு வருகிறேன் என்று போனவர் மறுநாள் காலையில்தான் வந்தார். உக்கடத்து எருமைகள்கூட நாயுடுவைக் கண்டால் அசைபோடுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து நிற்கும். அவருடைய ஆல்பத்தைப் புரட்டினால், இந்த ஊரில் பேண்டு வாசித்துக் கொடியேற்றுவதைத் தவிர ஜனங்களுக்கு வேறு வேலையே இல்லை என்று தோன்றும்.

குடை பிடிக்கக் கூடப்போன பங்காரம்மா ஒருநாள் குனிந்து, எதிரே இருப்பது தெரிகிற கேமராவின் மேல்கண்ணாடியைப் பார்த்தாள். பிறகு குடையை அவர் கையில் கொடுத்துவிட்டாள். ஃபிலிம் விலை கட்டாது என்று, ஃபிலிமே போடாமல் ஒரு வருஷம் படம் எடுத்துப் பழகினாள். அந்த வகையில் அவள் எடுக்காத ஆள் ஜில்லாவிலேயே கிடையாது. கேமராவை வயிற்றோடு வைத்துக்கொண்டு குனிந்தால் எதையோ தேடுகிற பொம்பளை என்று ஊர் விட்டுவிடுகிறது என்று கண்டுபிடித்தாள். ஆள் வருவதற்கு முன்பே ஒரு விளக்குக் கம்பம் தெளிவாக விழும்படி கேமராவில் தூரத்தைச் சரிசெய்து வைத்துவிட்டு, கம்பத்தடிக்கு ஆள் வரும்வரை காத்திருக்கக் கற்றாள். வெயிலைப் பார்த்த மாத்திரத்தில், வெளிச்சம் நுழைகிற துவாரம் எவ்வளவு வைப்பது என்று சொல்லும் அளவுக்குத் தேறினாள். ஆனால் ஃபிலிம் போட்ட நாளில் கேமரா அவர் கைக்குப் போய்விடும்; ஒன்றில் மட்டும் இரண்டு பேருக்கும் கடைசிவரை ஒத்துவரவில்லை.

"கேக்காம எடுத்தாத் திருட்டு, பங்காரு."

"கேட்டு எடுத்தா நாடகமுங்க."

இன்று காலையிலும் உக்கடம் குளக்கரையில் நாடகம்தான். முட்டிவலி என்று அவள் வீட்டில் தங்கிவிட்டாள். நாயுடு ஒரு கீரைக்காரியிடம் அனுமதி கேட்டிருக்கிறார். அவள், "இருங்க சாமி, கொண்டைய முடிஞ்சுக்கறேன்" என்று திரும்பி, முடிந்து, வெற்றிலையைத் துப்பி, வாயைத் துடைத்து, நிமிர்ந்து பார்த்தபோது நாயுடு கரைக்கல்லில் சாய்ந்து கிடந்தார். கேமரா மடியில் இருந்தது. அதில் பாதி ஃபிலிம் மிச்சம் இருந்தது.

குத்தூஸ் படம் எடுத்து முடித்ததும் வேட்டி முடிச்சை அவிழ்த்தார்கள். பங்காரம்மா எழுந்து நேரே தன் கணவரின் அண்ணன் வரதராஜுலுவிடம் போனாள். மூக்குக்கு மேல் கோபத்தையும் தோளில் சலவைத் துண்டையும் எப்போதும் இறக்காத மனிதர் அவர். தெருவில் ஊர்வலம் போகும்போது தான் படம் எடுக்கப்போவதாகச் சொன்னாள். இந்த நாற்காலிப் படம் அவருக்கு ஆகாது, எட்டு வருஷமாக இந்த மாதிரிப் படத்திலிருந்து தப்பிக்கத்தான் அந்த மனுஷன் பாடுபட்டார், ஒரே ஒரு படமாவது யாரும் விறைத்து நிற்காமல் விழவேண்டும், அதற்கு இன்று விட்டால் வேறு நாள் கிடையாது என்றாள்.

வரதராஜுலு சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தார்.

"கட்டினவ தெருவுல கேமராவத் தூக்கிட்டு நின்னா ஊர் சிரிக்கும் அம்மணி."

"சிரிக்கட்டுங்க பாவா. சிரிச்சா மூஞ்சி நல்லா உழும்."

அப்படியானால் குத்தூஸே ஊர்வலத்தையும் எடுக்கட்டும் என்றார் அவர். குத்தூஸ் முக்காலியை மடக்கியபடி, தன் பெட்டியில் நடக்கிறவர்கள் பேய் மாதிரிதான் விழுவார்கள், நின்றால் மட்டும்தான் மனுஷராக விழுவார்கள் என்று உண்மையைச் சொன்னார். வரதராஜுலு அவரை முறைத்தார். பங்காரம்மா அதற்குள் உள்ளே போய்விட்டாள்.

நாலு மணிக்குப் பாடையை எடுத்தார்கள். பெண்கள் தெருமுனை வரைக்கும் வந்து திரும்பிவிட வேண்டும், அதுதான் வழக்கம். முனைக்கு அந்தப் பக்கம் அவள் போக முடியாது, முனைக்கு முன்னால் எங்கே நிற்பது என்பதை மத்தியானமே யோசித்து வைத்திருந்தாள். பாடை வாசலைத் தாண்டுவதற்குள் கேமராவோடு கூட்டத்தைப் பிளந்துகொண்டு தெருவைக் கடந்தாள். அவள் முந்தானைக்கடியில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடுவதைப் பார்த்து, துக்கத்தில் குடல் பிரண்டுவிட்டது என்று பெண்கள் கதறினார்கள். எதிர்சாரி எண்ணெய்ச் செக்குக் கடையின் படியில் ஏறினாள். முட்டி வலித்தது, அதைச் சட்டை செய்யவில்லை. எதிரேயிருந்த விளக்குக் கம்பத்தின்மேல் தூரத்தை வைத்தாள். மேற்கு வெயில் தெரு நெடுக மஞ்சளாக அடித்தது. துவாரத்தை ஒரு படி குறைத்தாள்.

முதலில் பார்த்தவன் சங்கு ஊதுகிறவன். கன்னம் உப்பினபடியே நின்றுவிட்டான். தப்பட்டைக்காரர்கள் குச்சியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தலைமுடியை ஒதுக்கினார்கள். பாடையின் முன்கம்பைச் சுமந்த இரண்டு பேரும் மோவாயைத் தூக்கி, வயிற்றை உள்ளிழுத்து, மாப்பிள்ளைத் தோழர்கள் மாதிரி நிமிர்ந்தார்கள். பின்னால் வந்தவர்கள் ஒருவர்மேல் ஒருவர் முட்டிக்கொண்டு, பிறகு அவர்களும் உயர வரிசைப்படி தள்ளி நின்றார்கள். ஆக, அந்தத் தெருவில் பாடைமேல் படுத்திருந்தவரைத் தவிர எல்லாரும் போஸ் கொடுத்தார்கள்.

வரதராஜுலு, "நடங்கப்பா" என்று அதட்டினார். ஒருவரும் நகரவில்லை. படம் எடுக்கிறார்கள் என்றால் அசையக்கூடாது என்பது அவர்களுக்குத் தெரியாதா என்ன. அவரும் வேறு வழியில்லாமல் துண்டைச் சரிசெய்துகொண்டு கேமராவைப் பார்த்து நின்றார்.

பங்காரம்மாவின் கட்டைவிரல் பொத்தான்மேல் இருந்தது. அவள் அழுத்தவில்லை. இத்தனை பேர் மரியாதையாக நிற்கிறார்கள். இதையும் எடுத்து ஆல்பத்தில் ஒட்டலாம், இன்னொரு கொடியேற்றமாக இருந்துவிட்டுப் போகும். அவள் தலையை நிமிர்த்தினாள்.

"ஆச்சுங்க, எடுத்துப்போட்டேன். ரொம்ப நல்லா உழுந்துச்சு. போங்க."

தெரு முழுக்க ஒரு பெருமூச்சு விட்டது. வயிறுகள் இறங்கின. சங்கு மறுபடி ஊதியது, முன்கம்புக்காரன் வலித்த தோளை மாற்றிக்கொண்டு பக்கத்தில் வருகிறவனிடம் என்னவோ முணுமுணுத்தான். அவள் இனிமேல் பார்ப்பதற்கு ஒன்றுமில்லாதவள்போலக் குனிந்து மேல்கண்ணாடிக்குள் பார்த்தாள்.

மேற்கு வெயில் நேராக நாயுடுவின் மூடிய கண்மேல் விழுந்துகொண்டிருந்தது. வரதராஜுலு அண்ணாந்து அதைப் பார்த்தார். தோளிலிருந்து சலவைத் துண்டை உருவினார். யாராவது பார்க்கிறார்களா என்று ஒருதரம் திரும்பிப் பார்த்துவிட்டு, பாடைக்கு எட்டும்படி கையை உயரத் தூக்கி, நுனிக்காலில் எம்பி எம்பி நடந்து, தம்பியின் முகத்துக்கு மேல் துண்டை நிழலாகப் பிடித்தார். கையை மாற்றினார், துண்டை இறக்கவில்லை.

பாடை கம்பத்தடிக்கு வந்தது. அவள் அழுத்தினாள்.

அந்தக் கேமராவின் கண்ணாடி இடத்தை வலமாகவும் வலத்தை இடமாகவும் காட்டும். தெருவில் அவர்கள் சுடுகாட்டுப் பக்கம் போய்க்கொண்டிருந்தார்கள். கண்ணாடியில், அந்தத் துண்டும் அதன்கீழே அவருமாக, வீட்டுப் பக்கம் வந்துகொண்டிருந்தார்கள். பெண்கள் அவளைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். கண்ணாடி காலியாகும்வரை குனிந்தபடியே நின்றுவிட்டு, அடுத்த படத்துக்கு ஃபிலிமைச் சுற்றினாள்.