வாராவாரம் ஒரு பை மண்

அந்த ஊரில் பல்கலைக்கழகத்தின் மதில் எங்கே முடிகிறதோ அங்கேயே மக்காச்சோளம் தொடங்கிவிடும். ஜன்னலோரம் டிராக்டர் போனால் வகுப்பில் பாடம் நின்றுபோகும். மாணவர்கள் டிராக்டர்காரர்களை மனதார வாழ்த்துவார்கள்.

மதிலுக்கு அப்பால், அண்ணன் குடும்பத்தோடு பயிர் வைத்துக்கொண்டிருந்தான் தம்பிக்காரன். வயது முப்பத்து நாலு. பெண் பார்க்கலாமா என்று அண்ணி வாயெடுத்தாலே மாட்டுக்கொட்டகைக்குள் நுழைந்துகொள்வான். அப்பேர்ப்பட்டவன் இந்த வருஷம் வாராவாரம் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டு, பல்கலைக்கழகத்து மண் பரிசோதனைக்கூடத்துக்குப் போக ஆரம்பித்தான். கூடத்தை நடத்தியவள் வெளியூரிலிருந்து வந்த விரிவுரையாளர். மண்ணை விரலில் தேய்த்துப் பார்க்கும்போது அவள் புருவம் லேசாகச் சுருங்கும். அதை ஒருமுறை பார்த்துவிட்டு வந்ததிலிருந்து அவனுக்கு நிலத்தின் மேல் அப்படியொரு அக்கறை.

"மறுபடியும் மண்ணா? இப்படியே அள்ளிட்டுப் போனா விதைக்க நிலம் மிஞ்சாது, தம்பி" என்றாள் அண்ணி.

ஒருநாள் சந்தையில் மூட்டைகளை இறக்கிவிட்டுக் கூடத்து வாசலுக்கு வந்த பிறகுதான், மண் பையை வீட்டிலேயே விட்டுவந்தது தெரிந்தது. வெறுங்கையோடு போய் என்னவென்று சொல்வது? வாசலில் செங்கல் வரம்பு கட்டிய ஒரு ரோஜாப் பாத்தி இருந்தது. சுற்றுமுற்றும் பார்த்தான். குனிந்து இரண்டு கை அள்ளிச் சாப்பாட்டுப் பையில் போட்டான். ஒன்றும் தெரியாதவன் போல உள்ளே போய்க் கொடுத்துவிட்டு வந்தான்.

அடுத்த வாரம் முடிவு வாங்கப் போனபோது அவள் கேட்டாள்:

"உங்க வயல்ல ரோஜா இருக்கா?"

"இல்லீங்க மேடம். மக்காச்சோளம்தான்."

"அப்போ மண்ணுல செங்கல் தூள் எப்படி வந்துச்சு?"

"காத்துல வந்திருக்கும்."

"காத்துல. சரி." பேனாவை மூடி வைத்தாள். "இந்த ஜன்னல்ல நின்னா பாத்தி நல்லா தெரியும். நீங்க குனிஞ்சது, அள்ளினது, தோட்டக்காரர் வர்றாரான்னு திரும்பிப் பார்த்தது, எல்லாமே."

அவன் காது இரண்டும் சூடேறிப்போயின.

"தெரிஞ்சும் ஏங்க டெஸ்ட் பண்ணீங்க?"

"ரிப்போர்ட் வாங்க நீங்க திரும்பி வரணும்ல?"

சொல்லிவிட்டு, ஏற்கெனவே ஒழுங்காக இருந்த குப்பிகளை மறுபடி அடுக்க ஆரம்பித்தாள். அடுக்கியபடியே, "ஞாயித்துக்கிழமை வயலைப் பார்க்க வரட்டுமா?" என்றாள்.

வீட்டில் அவன் சொன்னது, "ஒரு அதிகாரி வர்றாங்க" என்று மட்டும். தொந்தியும் தோல்பையுமாக ஓர் ஆளை எதிர்பார்த்து நின்ற அண்ணி, பஸ்ஸிலிருந்து இறங்கியவளைப் பார்த்தாள். பிறகு கொழுந்தனின் முகத்தைப் பார்த்தாள்.

"ஓஹோ, இவங்கதான் அதிகாரியா!"

அண்ணனுக்கு மட்டும் எதுவும் உறைக்கவில்லை. விருந்தாளியை உட்கார வைத்துப் பூச்சித் தொல்லையைப் பற்றி விலாவாரியாக ஆரம்பித்தார்.

"கன்னுக்குட்டிக்கு உடம்பு சரியில்ல, வாங்க" என்று அண்ணி அவரைக் கையோடு இழுத்துப் போனாள். கன்றுக்குட்டி கொட்டகையில் துள்ளிக்கொண்டிருந்தது.

சாயங்காலம் அவளைப் பஸ் ஏற்றிவிடச் சாலைக்கு வந்தான். வழியெல்லாம் மக்காச்சோள விலையையே பேசினான். அவளும் ஏதோ பரீட்சைக்குப் படிப்பவள் போல உன்னிப்பாகக் கேட்டுக்கொண்டு வந்தாள். தூரத்தில் பஸ் தெரிந்தது. அந்த இடத்தில் யாராவது கை காட்டினால்தான் நிற்கும். அவள் காட்டுவாள் என்று அவனும், அவன் காட்டட்டும் என்று அவளும் சும்மா நின்றார்கள். பஸ் புழுதியைக் கிளப்பிக்கொண்டு தன் பாட்டுக்குப் போய்விட்டது.

"அடுத்தது எப்போ?" என்றாள்.

"ரொம்ப நேரம் ஆகும்" என்றான் அவன், கொஞ்சமும் வருத்தம் இல்லாமல்.