பூனையைப் பார்த்த பார்வை

வைத்திக்குப்பத்தில் மீன் விற்கும் சுமலதா ஒரு குறும்படத்தில் மீன்காரியாகவே நடித்தாள். கதை என்னவென்று அவள் கேட்டுக்கொள்ளவில்லை. படம் எடுத்த இளஞ்செழியன் கடற்கரையில் திரை கட்டி அதைக் காட்டியபோது குப்பமே கூடியிருந்தது.

திரையில் ஒரு சுற்றுலாப் பெண்ணின் கைப்பை திறந்து கிடந்தது. அடுத்து திரை முழுக்கச் சுமலதாவின் முகம். கண்கள் மட்டும் ஓரமாக நகர்ந்தன. பிறகு பை காலியாக இருந்தது.

பக்கத்திலிருந்த நாத்தனார் சரிதா அவளையே திரும்பிப் பார்த்தாள். சரிதாவின் கம்மல் போன மாசம்தான் சுமலதா வீட்டில் காணாமல் போயிருந்தது.

"இப்படிக்கூட பாப்பியா அண்ணி?" என்றாள்.

மறுநாளே சரிதாவை இழுத்துக்கொண்டு இளஞ்செழியன் வீட்டுக்குப் போனாள் சுமலதா. "மீன் கூடைக்கிட்ட வந்த பூனையத்தானப்பா நான் பாத்தேன்!"

"ஆமாக்கா, கதைக்காகப் பையோட சேத்து ஒட்டினேன்." கம்ப்யூட்டரில் பையை எடுத்துவிட்டுப் பூனையை வைத்தான். அதே முகம்தான், ஆனால் இப்போது கள்ளம் எதுவும் தெரியவில்லை. சரிதா சிரித்துவிட்டாள். உடனே சிரிப்பை நிறுத்திக் கேட்டாள்:

"பூனையயும் நீதான ஒட்டுன? எதுப்பா நெஜம்?"

அவன் தூரத்திலிருந்து நடுவில் வெட்டாமல் ஒரே காட்சியாக எடுத்ததை ஓடவிட்டான். கூடை, பூனை, சுமலதா எல்லாம் ஒன்றாகத் தெரிந்தன. சுமலதா ஓரக்கண்ணால் பூனையைப் பார்த்து, கையை ஓங்கி அதை விரட்டினாள்.

"மனசுல வெச்சுக்காத அண்ணி," என்று சரிதா கையைப் பிடித்தாள்.

சுமலதா கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினாள். இளஞ்செழியனிடம், "கிட்டக்க எடுத்த என் மொகத்த அழிச்சுடு. என் கண்ணு முன்னாடியே அழி," என்றாள்.