கிரிதர் பாடிய நாலு வரி

கிரிதருக்குப் பொய் சொல்லவே வராது என்று அவன் அம்மா சுந்தரவல்லி, கல்கத்தாவில் தமிழர்கள் கூடி வாழும் லேக் மார்க்கெட் பேட்டை முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள். பெற்றவளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

ரணஜோய் லாஹிரி என்ற ராக் பாடகருக்காகத் தெற்குக் கல்கத்தாவில் ஒரு சின்னக் கூட்டம் பைத்தியமாக அலைந்த காலம் அது. சினிமாப் பக்கமே போகாதவர். வேலை கிடைக்காதவன், பஸ் படியில் தொங்குகிறவன், காதலியிடம் வாய் திறக்காதவன், இவர்களுக்காகவே கிட்டாரை எடுத்த மாதிரி வங்காளியில் பாடுவார். தொண்ணூற்று நாலில் அவருடைய மூன்றாவது கேசட் வந்தது. அப்புறம் ஒன்பது வருஷம் மூச்சு பேச்சு இல்லை. வங்காளத்தில் புதுப் பாட்டெல்லாம் துர்கா பூஜைக்குத்தான் வரும். அதனால் ஒவ்வொரு பூஜைக்கும் "இந்தத் தடவை நிச்சயம்" என்று ஒரு புரளி கிளம்பும். பூஜை முடியும், புரளியும் முடியும்.

கரியாஹாட்டில் ஒரு டீக்கடை பெஞ்சில் சனிக்கிழமைதோறும் நாலு பேர் இதற்காகவே கூடுவார்கள். மேக்னா, சஹானா, கௌசிக் மூவரும் வங்காளிகள். நாலாவது ஆள் கிரிதர். வீட்டில் தமிழ் என்றாலும் வங்காளிதான் அவனுக்கு நாக்கில் ஓடும். அப்படியும் கௌசிக் விடமாட்டான். "எங்க பாட்டு உனக்கு எப்படிப்பா புரியுது?" என்று தோளில் தட்டிச் சிரிப்பான். கிரிதரும் சிரிப்பான். உள்ளே பற்றி எரியும்.

ஆனால் இன்னொரு பெருமை அவனிடம் இருந்தது. அவன் அப்பா பட்டாபியின் டிபன் கடைக்கு ஞாயிற்றுக்கிழமை காலையில் லாஹிரி வருவார். அன்று கல்லூரி கிடையாது என்று கிரிதரே பரிமாறுவான். "மனுஷர் நிம்மதியா சாப்பிட்டுட்டுப் போகட்டும். நீ எதுக்குடா பக்கத்துல பல்லை இளிச்சிண்டு நிக்கறே?" என்று பட்டாபி கடிந்துகொள்வார்.

"ரணோதா உன்கிட்ட என்ன பேசினார்?" என்று மேக்னா வாராவாரம் கேட்பாள். அண்ணன் முறைக்குப் பெயரோடு 'தா' சேர்ப்பது வங்காளிப் பழக்கம். மூன்று வருஷத்தில் ரணோதா அவனிடம் பேசியது இரண்டே வாக்கியம். இன்னும் கொஞ்சம் சாம்பார். இன்றைக்குச் சட்னி காரம். இதைப் போய் மேக்னாவிடம் எப்படிச் சொல்வது?

இரண்டாயிரத்து இரண்டில் ஒரு மழை நாள், கௌசிக் வழக்கம்போல் தோளில் தட்டிய அடுத்த நிமிஷம், கிரிதர் வாயைத் திறந்தான்.

"புது ஆல்பத்துல இருந்து ஒரு பாட்டு பாடிக் காட்டினார். நாலு வரிதான்."

பாடு, பாடு என்றார்கள். அவன் பாடினான். லேக் ஓரம் மழையில் நிற்கும் ஒருவன், வீட்டுக்குப் போக மனசில்லாமல் டிராமை வேண்டுமென்றே தவற விடுகிறான் என்று நாலு வரி. வார்த்தையும் மெட்டும் அவனுடையவை. வீட்டு மொட்டை மாடியில் தனக்குத்தானே முனகிக்கொண்டது. சஹானாவுக்குக் கண் கலங்கிவிட்டது. கௌசிக் அவன் கையைப் பிடித்துக்கொண்டான். அதற்கப்புறம் தோளில் தட்டவே இல்லை.

ஒரு வருஷம் அந்தப் பாட்டை அவர்கள் பாடாத சனிக்கிழமை இல்லை.

மறு வருஷப் பூஜைக்கு நிஜமாகவே ஆல்பம் வந்துவிட்டது. கரியாஹாட்டில் ஒரு கடையில் லாஹிரியே வந்து கையெழுத்துப் போட்டுத் தருவதாக அறிவித்தார்கள். சிடியின் பின்புறம் ஒன்பது பாட்டு. அந்தப் பாட்டு இல்லை. இருக்காது என்று தெரிந்த ஒரே ஆள் வரிசையில் கடைசியாக நின்றான்.

மேக்னா நேரே கேட்டுவிட்டாள். "டிராமைத் தவற விடற பாட்டை ஏன் எடுத்துட்டீங்க ரணோதா? கிரிகிட்ட பாடிக் காட்டினீங்களே." பாடியும் காட்டினாள், நாலு வரியையும்.

லாஹிரி பேனாவைக் கீழே வைத்தார். வரிசைக் கடைசியில் தலையைக் குனிந்து நின்ற சாம்பார் ஊற்றும் பையனைப் பார்த்தார். கிரிதருக்குப் பூமி பிளந்தால் தேவலை என்றிருந்தது.

"ஓ, அதுவா," என்றார். "அது சரியா அமையலை. விட்டுட்டேன்."

காப்பாற்றிவிட்டார். ஒரு கெட்ட வார்த்தை சொல்லித் திட்டியிருந்தால்கூட அவனுக்கு இவ்வளவு கூசியிருக்காது.

பெஞ்சு நண்பர்கள் நாலு பேரும் மாதாமாதம் ஜெராக்ஸ் எடுத்துக் கடை கடையாக வைக்கும் நாலு பக்க இதழில் கௌசிக் எழுதினான். ஒன்பது வருஷம் காக்கவைத்து ஒன்பது சோகையான பாட்டு. உயிருள்ள ஒரே பாட்டைக் குப்பையில் போட்டுவிட்டார். லாஹிரி முடிந்துபோனார். ஒரு வங்காளிப் பத்திரிகை அதை எடுத்துப் போட, விஷயம் ஊருக்கே தெரிந்துவிட்டது.

அடுத்த ஞாயிறு லாஹிரி கடைக்கு வந்தார். கிரிதர் ஊற்றிய சாம்பார் பாதி மேஜையில் போயிற்று.

"அந்த நாலு வரி நீ போட்டதா?"

"ஆமா ரணோதா. தப்பு பண்ணிட்டேன்."

"அந்தப் பையன் எழுதினது சரிதான். அப்படி ஒண்ணு எனக்கு வந்து ரொம்ப நாளாச்சு." கோபமே இல்லாமல் சொன்னார். இட்லியைப் பாதியில் வைத்துவிட்டுக் கை கழுவப் போனார்.

கிரிதர் தான் ஆராதித்த மனிதரைத் தன் வாயாலேயே கெடுத்துவிட்டான். அவரோ இவன் மானத்தைக் காத்திருக்கிறார். சீ என்று தன்மேலேயே வெறுப்பு வந்தது. சனிக்கிழமை வரும்வரை பல்லைக் கடித்துக்கொண்டிருந்து, டீ வருவதற்குள் போட்டு உடைத்துவிட்டான்.

"அது ரணோதா பாட்டே இல்ல. நான் கட்டினது. நான் பொய் சொன்னேன். அடுத்த இதழ்ல அப்படியே போட்டுடு கௌசிக்."

யாரும் கோபப்படவில்லை. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அவரே ஒத்துக்கிட்டாரே, தன்னோடதுதான், விட்டுட்டேன்னு," என்றாள் சஹானா.

"என்னைக் காப்பாத்தறதுக்காக."

"உனக்காக அவர் பொய் சொல்லணுமா? நீ யாரு அவருக்கு?" என்றான் கௌசிக். "சரி, உன் பாட்டுதானே? மீதியைப் பாடு."

கிரிதர் வாயைத் திறந்தான். மீதி என்று ஒன்று கிடையாது. முதல் தடவை இவர்கள் முன்னால் பாடிய நிமிஷத்திலிருந்து அது அவனுக்கே ரணோதாவின் பாட்டாகத்தான் ஒலித்தது. தன்னுடையது என்று ஒரு நாள் நினைத்திருந்தால் முடித்திருப்பான். மூன்று பேரும் காத்திருந்தார்கள். அவன் அதே நாலு வரியைத் தட்டுத்தடுமாறிப் பாடி நிறுத்தினான்.

"அவர் வேண்டாம்னு விட்டதை எடுத்து உன் பேரைப் போட்டுக்கப் பார்க்கறியே கிரி," என்றாள் மேக்னா. கத்தவில்லை. அவள் குரலில் இருந்த அருவருப்பை அவன் அதற்கு முன் கேட்டதில்லை. "உன்னைப் போய் நம்பினேனே. முதல்ல போய் அவர்கிட்ட மன்னிப்புக் கேளு."

அது மட்டும் நியாயம்தான் என்று அவனுக்குப் பட்டது. எழுந்து நடந்தான்.