பேனட்டில் ஏறிய நாத்தனார்

1

ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை நான் யோசித்தது இல்லை, ஒட்டுக்கேட்டது. கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் தனியார் பேருந்து, மாலை நாலு மணி, முதல் வரிசை சீட்டு. எனக்கு முன்னால், இன்ஜினை மூடியிருக்கும் பேனட்டின் மேல், ராஜவேல் என்ற இன்னொரு டிரைவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அன்று அவருக்கு லீவு. இந்த ரூட்டு டிரைவர்கள் டிக்கெட் எடுப்பதில்லை, அனுமதியும் கேட்பதில்லை. வரும் வண்டிக்குக் கையைக் காட்டுவார்கள், ஏறுவார்கள், பேனட்டில் உட்காருவார்கள்.

(கதையைக் கவிழ்த்தது இந்தப் பழக்கம்தான்.)

2

முதல் தொடக்கம்: ‘சிங்கப்பூரின் செவ்வானத்தில், சிறகு விரித்த

வேண்டாம். சிங்கப்பூரை நான் பார்த்ததில்லை.

இரண்டாம் தொடக்கம்: ‘புவனகிரி சாமிக்கண்ணு பஸ் ஓட்டினார், அவர் மகள் இசைவாணி விமானம் ஓட்டுகிறாள்.’ இது நேராகப் போகிறது, இருக்கட்டும். அவளுடைய தம்பி எழிலனுக்கு மறுநாள் காலை ஏழரைக்குச் சிதம்பரத்தில் முகூர்த்தம். மாப்பிள்ளை முதல் முடிச்சைப் போட்டதும் மற்ற இரண்டையும் போட வேண்டியவள் நாத்தனார். கூடப்பிறந்தவள் இவள் ஒருத்திதான். ஆனால் சிங்கப்பூரில் வேலை இழுத்துவிட்டது. சென்னைக்குக் கிளம்பும் கடைசி விமானம் நிரம்பி வழிந்தது. அடுத்தது காலையில்தான்; அது வந்து சேர்வதற்குள் பந்தியே முடிந்துவிடும்.

மிச்சமிருந்தது ஒரே ஒரு இடம், ஜம்ப் சீட். விமானிகளின் அறையில், ஓட்டும் இருவருக்கும் பின்னால், சுவரோடு மடிந்துகிடக்கும் இருக்கை. அதே கம்பெனியின் விமானிகள் அதில் சும்மா வரலாம். ஆனால் பட்டியலில் பெயர் ஏறியிருந்தாலும் கேப்டனிடம் நேரில் போய், உங்களோடு வரலாமா என்று கேட்க வேண்டும். அவர் வைத்ததுதான் சட்டம்.

3

இந்த இடத்தில் சார்லஸ் என்று ஒருவரைக் கொண்டுவந்தேன். மேல்பட்டாம்பாக்கத்துக்காரர், மூத்த விமானி, அதே இருக்கைக்குப் போட்டி. இரண்டு பக்கம் எழுதியதும் அவர் மேல் எனக்கே பிரியம் வந்துவிட்டது. தோற்கடிக்க மனசில்லாமல், அவருக்கு லீவே கிடைக்கவில்லை என்று எழுதி ஹோட்டல் அறையில் தூங்க வைத்துவிட்டேன். மன்னிக்கவும், சார்லஸ்.

வில்லனே தேவைப்படவில்லை. பேனட்டில் உட்கார்ந்திருந்த ராஜவேலே போதும்; அவர் அவளுடைய தாய்மாமன்.

4

சிப்காட்டைத் தாண்டும்போது அவருடைய போன் அடித்தது. இன்ஜின் சத்தத்தில் காது கேட்காது என்று ஸ்பீக்கரில் போட்டார்.

“மாமா, அப்பாகிட்ட சொல்லிடாதீங்க, பயந்துடுவாரு. பிளைட்ல எடமே இல்ல. ஜம்ப் சீட்டு ஒண்ணுதான் இருக்கு.”

“அப்டின்னா?”

“நம்ம பேனட்டு மாரி மாமா.”

“அட! அப்பறம் என்னா, ஏற வேண்டிதுதான?”

“கேப்டன்கிட்ட கேக்கணும். யார்னே தெரியல. ஒரு மாரி படபடன்னு இருக்கு.”

“டிரைவர டிரைவரு கேப்பானா? உங்கப்பன் முப்பது வருசத்துல ஒருத்தன கேட்டிருப்பானா? கைய காட்டிட்டு ஏறி உக்காரு பாப்பா!”

ஓட்டிக்கொண்டிருந்த சின்னையன் வேறு, “மச்சான் சொல்றது கரெக்ட்டும்மா!” என்று ஒத்து ஊதினார்.

(இங்கே எனக்கே சந்தேகம் வந்தது. விதி தெரிந்தவள் அப்படிச் செய்வாளா? நாலு நாள் யோசித்தேன். செய்வாள். தம்பி மணையில் உட்கார்ந்து வாசலையே பார்த்துக்கொண்டிருப்பது போல அவளுக்குக் கண்ணில் தெரிகிறது. அந்த நேரத்தில் விதி எங்கே ஞாபகம் வரும்?)

விமானிகளின் அறைக் கதவு திறந்திருந்தது. இசைவாணி இடது கையில் போனோடு உள்ளே நுழைந்தாள். கேப்டன் திரும்பிப் பார்த்தார். அவளுடைய வலது கை தானாக உயர்ந்தது, எதிரே வரும் பஸ்ஸுக்கு அப்பா காட்டுவது போலவே. இருக்கையை இழுத்து விரித்தாள். உட்கார்ந்தும்விட்டாள்.

போன் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. “என்னைக் கேட்டாயா?” என்று ஒரு குரல் ஆங்கிலத்தில் கேட்டதைப் பேருந்தே கேட்டது. பிறகு இணைப்பு அறுந்தது.

5

“ஐயையோ, நானே கெடுத்துட்டனே!” என்று ராஜவேல் தலையில் அடித்துக்கொண்டார். புதுச்சத்திரம் வரை மாற்றி மாற்றிப் போன் போட்டார். சுவிட்ச் ஆஃப். கம்பியைப் பிடித்து நின்றவர்கள்கூட, “இன்னொருவாட்டி போடுங்கண்ணே,” என்று நச்சரித்தார்கள். நானும்தான்.

முடிவு (அ): கேப்டன் வாய்விட்டுச் சிரிக்கிறார். (அவர் ஏன் சிரிக்க வேண்டும்? எனக்காகவா?)

முடிவு (ஆ): இறக்கிவிடப்படுகிறாள். மணவறையில் சித்தி மகள் தமிழ்ச்செல்வி குனிந்து இரண்டாம் முடிச்சை

முடியவில்லை. மூன்று முறை எழுதினேன், மூன்று முறையும் அந்த வாக்கியம் அங்கேயே நின்றுவிட்டது.

6

சிதம்பரத்தில் இறங்கும்போது ராஜவேல், “காலைல மண்டபத்துக்கு வந்துடுங்க சார், தெரிஞ்சிடும்,” என்றார். நான் போகவில்லை. போயிருந்தால் உங்களுக்கு வேலை இருந்திருக்காது.

கடைசியாக எனக்குத் தெரிவது இவ்வளவுதான். இசைவாணி எழுந்தாள். இருக்கையைப் பழையபடி மடித்தாள். வெளியே போய்க் கதவருகே நின்றாள். காது மடல் சிவந்திருந்தது.

“தப்பு என்னுடையது. கேட்காமல் உட்கார்ந்துவிட்டேன். நாளைக்கு என் தம்பிக்குக் கல்யாணம். உங்களோடு வரலாமா?”

அந்தக் கேப்டனுக்கு நான் பெயர் வைக்கவில்லை, முகமும் எழுதவில்லை. அந்த நாற்காலியில் நீங்கள் உட்காருங்கள். அவள் உங்களைத்தான் பார்க்கிறாள். விமானக் கதவைச் சாத்த ஆள் வந்து நிற்கிறார்.

சீக்கிரம் சொல்லுங்கள்.