ஓம் எண்டு குடுங்க

"எஸ், யூ, டி, ஓ. மறுகா ஒரு இடம் விடுங்க" என்று கட்டாரிலிருந்து மசூர் சொன்னான். சாய்ந்தமருதில் அவன் மனைவி இன்ஷிரா, தோளுக்கும் காதுக்கும் நடுவே போனை இடுக்கிக்கொண்டு ஒற்றை விரலால் எழுத்துகளைத் தேடித் தேடித் தட்டினாள்.

சுனாமிக்குப் பிறகு வந்த தொண்டு நிறுவனமொன்று போகும்போது விட்டுச்சென்ற கொம்பியூட்டர் அது. உள்ளே இருந்தது லினக்ஸ். மசூர் அனுப்பிய கமராவை அது கண்டுகொள்ளவேயில்லை. அதை இயக்கும் ட்ரைவர் என்ற மென்பொருளை இன்டர்நெட்டிலிருந்து இறக்கிப் போட வேண்டுமாம்.

"ட்ரைவரா?" குசினியிலிருந்து அவள் உம்மா ஜுனைதா எட்டிப் பார்த்தாள். "அவருக்கும் சேத்துத் தேத்தண்ணி ஊத்தவா புள்ள?"

"உம்மா, சும்மா இரிங்க!"

பகிடியை ரசிக்கும் நிலையில் இன்ஷிரா இல்லை. நாட்டில் சண்டை முடிந்து ஊர் மூச்சுவிடத் தொடங்கியிருந்தது. மருதமுனையில் பூட்டிக்கிடக்கும் தன் கடையைத் திரும்பி வந்து திறக்கலாம் என்று மசூரே ஒருமுறை சொன்னான். இப்போது கம்பனி இன்னும் இரண்டு வருடம் நிற்கச் சொல்கிறது. இன்று பின்னேரத்துக்குள் பதில் வேண்டுமாம். அதற்குள் அவன் மகளைப் பார்த்துவிட வேண்டும். வயிற்றில் இருக்கும்போது விட்டுப்போன பிள்ளை, இப்போது மேசைக் காலைப் பிடித்து எழுந்து நிற்கிறாள். அதைப் போனில் எப்படிக் காட்டுவது?

"பாஸ்வேர்ட் கேக்குது. அடிக்கிறன், ஒண்டும் விழுதில்ல மச்சான். கீபோர்டும் போச்சு!"

"அது தெரியாது. உள்ளுக்குள்ள போகும். அடிச்சிட்டு என்டரத் தட்டுங்க."

"கண்ணுக்குத் தெரியாமப் போறதுக்கு இது என்ன ஜின்னா?"

எழுத்துகள் மளமளவென்று ஓடி ஒரு கேள்வியில் நின்றன.

"தொடரவா எண்டு கேக்குது."

"ஓம் எண்டு குடுங்க."

கொடுத்தாள். "நிப்பாட்டியாச்சு எண்டு வருது."

"என்ன? மறுகா முதல்லருந்து அடிங்க."

அடித்தாள். மறுபடியும் நின்றது. மசூர் கமராவைத் திட்டினான், லைனைத் திட்டினான், கொம்பியூட்டரை விட்டுச்சென்ற வெள்ளைக்காரனைத் திட்டினான். மகளின் புதுச் சட்டையெல்லாம் வாழைப்பழம். தண்ணீர் ஓதித் தெளிக்கட்டுமா என்று உம்மா கேட்டாள்.

"நீங்க ஒழுங்காத்தான் அடிக்கிறீங்களா புள்ள?"

இன்ஷிராவுக்குப் பொத்துக்கொண்டு வந்தது. "நீங்க சொன்னதத்தான் அடிக்கிற! தொடரவா எண்டு கேட்டிச்சு. ஓ, எம். ஓம்!"

அந்தப் பக்கம் மசூர் சிரிக்கத் தொடங்கினான்.

"புள்ள," என்றான் கடைசியில், "அதுக்கு இங்கிலீஷ் மட்டுந்தான் தெரியும். 'யெஸ்'சுக்கு முதல் எழுத்து, வை, அத அடிக்கோணும். ஓம் எண்டா வேணாம் எண்டு விளங்கிக்கும்."

"இத முதல்ல சொன்னா என்ன? நிக்காஹ்வுக்கு வாப்பா வந்து கேக்கக்குள்ளயும் ஓம் எண்டுதான் சொன்ன. அப்ப ஆரும் நிப்பாட்டல்லியே!"

வை எழுத்தைக் குத்தினாள். இந்த முறை நிற்கவில்லை. சிறிது நேரத்தில் கமராவில் பச்சை விளக்கு எரிந்தது.

திரையில் மசூர் வந்தான், கன்னம் ஒட்டிப்போய். மகள் மேசைக் காலைப் பிடித்து எழுந்தாள். எட்டி அவன் மூக்கின்மேல் ஓர் அடி போட்டாள். திரையில் வாழைப்பழம் அப்பியது.

"கம்பனிக்கு என்ன சொல்லப் போறீங்க?" என்றாள் இன்ஷிரா.

மசூர் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "ஓம் எண்டுதான்."

அவள் முகம் விழுந்தது.

"கோவிக்காதீங்க. நீங்க அடிச்ச அதே ஓம்."