குளியலறையில் யாரும் இல்லை

இந்தக் காலத்துப் பிள்ளைகள் பொய் சொல்லும்போது கண்ணைக்கூடத் தாழ்த்துவதில்லை. முன்பெல்லாம் பொய் சொல்கிறவன் செருப்பைப் பார்த்துக்கொண்டாவது சொல்வான். இப்போது நேராகப் பார்த்து, சிரித்து, மாமா என்று கூப்பிட்டு, கையில் ஒரு காபியையும் கொடுத்துவிட்டுச் சொல்கிறார்கள். படித்தவர்கள் வேறு.

வியன்னாவில் ஒட்டாக்ரிங் பக்கம் ஒரு பழைய கட்டடத்தைப் பார்த்துக்கொள்கிறேன். படிக்கட்டுப் பெருக்குவேன், வாசலில் பனி தள்ளுவேன், குப்பைத் தொட்டி இழுப்பேன். செர்பியாவிலிருந்து வந்தவன். மூன்றாம் மாடியில் ஜெனானா என்று ஒரு பெண், போஸ்னியாக்காரி, பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். எங்கள் பேச்சும் அவள் பேச்சும் ஒன்றுதான். ஒரு அறை, சமையலறை, குளியலறை. ஒருத்திக்கு என்றுதான் வாடகைக்கு விட்டது. இரண்டாவது ஆள் வந்தால் அன்றைக்கே காலி பண்ண வேண்டும் என்று வீட்டுக்கார அம்மாள் கறாராகச் சொல்லியிருந்தாள்.

குளிர் தொடங்கியதும் எனக்குச் சந்தேகம் வந்தது. ஒருத்தி தின்கிற அளவைவிட அதிகமாக மக்ரோனி உறைகள் குப்பையில் கிடந்தன. கேட்டேன். சிநேகிதி படிக்க வருகிறாள், சாப்பிட்டுவிட்டுப் போய்விடுவாள் என்றாள். போகிறவளை நான் ஒருநாளும் பார்த்ததில்லை.

இன்னொன்று. இந்த வெளியூர் மாணவர்கள் குளிப்பது ஒரு தனி வித்தை. உடம்பை நனைப்பார்கள், குழாயை மூடுவார்கள், நடுங்கிக்கொண்டே சோப்புப் போடுவார்கள், திறந்து அலசிவிட்டு ஓடிவந்துவிடுவார்கள். சுடுதண்ணீருக்கு எரிகிற கேஸ் காசு அவர்களுக்கு ரத்தம் போல. குழாய் படிக்கட்டுச் சுவரோரமாகத்தான் இறங்குகிறது, எனக்கு எல்லாம் கேட்கும். அன்று சாயங்காலம் தண்ணீர் நிற்கவேயில்லை. ஓடுகிறது, ஓடிக்கொண்டே இருக்கிறது.

காசு கொடுக்காத எவளோ குளிக்கிறாள், இன்றைக்குப் பிடித்துவிடலாம் என்று மேலே ஏறினேன். நல்ல எண்ணத்தில் போகவில்லை.

நெடுநேரம் தட்டிய பிறகு ஜெனானா கதவை ஒரு கை அகலம் திறந்தாள். முகம் வெளிறியிருந்தது. நெற்றியைப் பிடித்துக்கொண்டு, பரீட்சை, தூக்கமில்லை, தலை வெடிக்கிறது என்றாள். அவளுக்குப் பின்னால் வீடு ஈரக் கம்பளி மாதிரி புழுங்கியது. ஜன்னல் இடுக்குகளில் எல்லாம் பழுப்பு டேப். குளிர் நுழையாமல், சூடு வெளியே போகாமல் அடைத்து வைத்திருந்தாள். தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

"உள்ள யாரு?"

"யாருமில்ல மாமா."

"அப்புறம் தண்ணி தானாவே குளிக்குதா?"

"மூட மறந்துட்டேன். போய் மூடறேன். நீங்க கீழ போங்க மாமா."

சொல்லிவிட்டு அவள் நகரவில்லை. கதவைப் பிடித்தபடி லேசாக ஆடினாள். குடித்திருக்கிறாளோ என்று மோந்து பார்த்தேன். இல்லை. குளியலறைக் கதவின் கீழே காற்றுக்கென்று விட்ட துளை தெரிந்தது. அதில் ஒரு துண்டைத் திணித்திருந்தார்கள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. கேஸ் கீசர் அந்தக் குளியலறைக்குள்தான் இருக்கிறது. காற்று வராவிட்டால் அது விஷத்தைக் கக்கும், மூக்குக்குக்கூடத் தெரியாது என்று புகைபோக்கி துடைக்கிறவன் வரும்போதெல்லாம் கத்திவிட்டுப் போவான்.

அவளைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். அவள் என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"மாமா, வேணாம். யாருமில்லன்னு சொல்றேன்ல."

"ஏய், உள்ள எவளாவது செத்துக்கிட்டிருந்தா அப்பவும் இல்லன்னுதான் சொல்லுவியா?"

அவள் என்னைப் பார்த்தாள், கதவைப் பார்த்தாள். பிடியை விட்டுவிட்டாள்.

"பெல்கீசா" என்று கூப்பிட்டாள். பதில் இல்லை. மறுபடி கூப்பிட்டாள். தண்ணீர்ச் சத்தம் மட்டும்தான்.

தாழ் ரொம்பப் பழசு, தோள் கொடுத்ததும் பிய்த்துக்கொண்டது. ஒரு சின்னப் பெண் தொட்டியின் விளிம்பில் கவிழ்ந்து கிடந்தாள். மூச்சை அடக்கிக்கொண்டு கேஸை மூடினேன். துண்டைச் சுற்றி, கக்கத்தில் கை கொடுத்துப் படிக்கட்டுவரை இழுத்து வந்தேன். திரும்பி ஓடி ஜன்னலைத் திறக்கப் பார்த்தேன். டேப் விடவில்லை. முக்காலியை எடுத்துக் கண்ணாடியை உடைத்தேன்.

வெளியே வந்து போனை எடுத்தால் ஜெனானா என் கையைப் பிடித்துக்கொண்டாள். தலைசுற்றலில் தரையில் உட்கார்ந்திருந்தாள், பிடி மட்டும் இரும்பாக இருந்தது.

"ஆம்புலன்ஸ் வேணாம் மாமா. காத்து பட்டா எந்திரிச்சிருவா. அவளோடது இருக்கறதுலயே மட்டமான இன்ஷூரன்ஸ், ஆஸ்பத்திரிக் காசு தராது. இந்த அட்ரஸ்ல இருக்கான்னு அரசாங்க ஆபீஸ்ல பதியவும் இல்ல. எல்லாம் தெரிஞ்சா ரெண்டு பேரும் ரோட்டுலதான்."

"பொணமா இருந்தா ரோடு எதுக்கு" என்று கையை உதறிவிட்டுக் கூப்பிட்டேன்.

வண்டி வருகிறவரை அந்தப் பெண் மூச்சு விடுகிறாளா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். விட்டாள், இடையில் நிறுத்தினாள், மறுபடி விட்டாள். ஜெனானா அவள் கன்னத்தைத் தட்டித் தட்டி, எழுந்திரு, உன் பங்கு வாடகையை நானே தருகிறேன், எழுந்திரு என்று சொல்லிக்கொண்டிருந்தாள். கீழே கதவு திறக்கும் சத்தம் கேட்டபோது பெல்கீசா வாந்தி எடுத்தாள். அவ்வளவு அழகான வாந்தியை நான் பார்த்ததில்லை.

இரண்டு பேரையும் ஏற்றிக்கொண்டு போனார்கள். இரண்டு பேரும் பிழைத்துத் திரும்பினார்கள். நான் வீட்டுக்கார அம்மாளிடம் எதையும் மறைக்கவில்லை, மறைக்கிற வேலை எனக்கு வராது. அவள் அவர்களைத் துரத்தவில்லை. இரண்டு ஆள் என்று வாடகையை ஏற்றிவிட்டாள். துரத்தியிருந்தாலே தேவலை என்று பட்டது.

நேற்று பார்க்கப் போனேன். புதுக் கண்ணாடி போட்டாயிற்று. டேப் இல்லை. துளையில் துண்டு இல்லை. இருவரும் கோட்டு மாட்டிக்கொண்டு, ஒரே போர்வைக்குள் காலை நீட்டிப் படித்துக்கொண்டிருந்தார்கள். பேசினால் வாயிலிருந்து ஆவி வந்தது. ஹீட்டரைத் தொட்டேன், சில்லென்றிருந்தது.

"இனிமே எதையும் அடைக்க மாட்டோம் மாமா" என்றாள் ஜெனானா, என் கண்ணைப் பார்த்தபடி. "சத்தியமா."

பெல்கீசாவும் தலையாட்டினாள். அவள் உதடு நீலமாக இருந்தது. பெருங்குளிர் இன்னும் வரவே இல்லை.

கதவைச் சாத்திவிட்டு இறங்கினேன். நம்பவில்லை.