தாகம்

பெங்களூர் மீன் காட்சியகத்தில் இருந்த கடல் பாம்பு நாளுக்கு நாள் வாடியது. அதைக் கவனித்துவந்த ஆஞ்சலா, தொட்டியில் உப்பின் அளவை இம்மி பிசகாமல் வைத்திருந்தாள். கடலே வந்து பார்த்தாலும் குறை சொல்ல முடியாது.

அன்று பிற்பகல் வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. கூரை ஒழுகித் தொட்டிக்குள் சொட்டியது. உப்பு குறைந்துவிடுமே என்ற எரிச்சலில் வாளியோடு ஓடினாள்.

நீல வெளிச்சத்தில் பாம்பு ரிப்பன்போல் மெல்ல மேலே வந்தது. உப்புநீரில் கலக்காமல் மேலாகப் படர்ந்திருந்த மழைநீரைக் குடித்தது. குடித்துக்கொண்டே இருந்தது.

“ஏசுவே! தண்ணிக்குள்ளயே இருந்துகிட்டு இவ்ளோ தாகமா உனக்கு?”

“கூரைய அடைக்க ஆள் கூப்பிடட்டா?” என்றான் உடன் வேலைபார்க்கும் லாயிட்.

“சும்மா இரு. அது குடிக்கட்டும்.”

கூரையைப் பிறகு அடைத்துவிட்டார்கள். ஆனால் வெயில் காயும் நாளிலும் அந்த ஒரு தொட்டிக்கு மட்டும், ஆஞ்சலாவின் பூவாளியிலிருந்து காவேரி மழையாகப் பெய்கிறது.